தொட்டி நிழலையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். மதியம் 3 மணிக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில்தான் விழுகிறது, ஆனால் எல்லாப் பேனல்களும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில்) இணைந்திருப்பதால் மொத்த உற்பத்தியும் படுத்துவிடுகிறது. நிழல்பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரம் போக பேனலில் உள்ள பைபாஸ் டையோடு என்ற மாற்றுப்பாதை வழிவிடும், சரி, அப்போது மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்திறன் மாறுவதைக் காட்டும் வளைவில் ஒன்றுக்கு இரண்டு உச்சிகள் வந்துவிடும், அதிக மின்திறன் கிடைக்கும் உச்சியைத் தேடிப் பிடிக்கும் எம்.பி.பி.டி. இன்வர்ட்டர் சின்ன உச்சியிலேயே நின்றுவிடலாம். அவ்வப்போது முழு வளைவையும் தேடும் வசதி எங்கள் இன்வர்ட்டரில் இருந்தும், மாட்டியவர் அதை ஆன் செய்யவே இல்லை! சுவரோடு சுவர் ஒட்டிய வடசென்னையில் நிழல் விழாத மாடி ஏது? மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியத்தைப் பற்றி எழுதும்போது, காலை முதல் மாலை வரை நிழலைப் பார்த்துவிட்டுப் பேனல் மாட்டச் சொல்லியும் எழுதுங்கள்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை