என் வீட்டு அடுப்பில் 20 லிட்டர்: மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அமைச்சர், செயலாளர், ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்பு செய்யும் தொழிலில் இருக்கிறேன். அதற்கு முன் 11 ஆண்டுகள் அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வீட்டில் பீர் காய்ச்சுவது. ஊர் திரும்பிய நாளிலிருந்து அதைச் செய்ய முடியவில்லை. செய்தால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சட்டத்தை நான் மீறவில்லை, மீறப்போவதும் இல்லை. அதைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் கேட்பது இவ்வளவுதான். 21 வயது நிறைந்த ஒருவர் தன் வீட்டில், தானும் நண்பர்களும் சுவைத்துப் பார்க்க, மாதம் 20 லிட்டர் வரை பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்று அனுமதியுங்கள். ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. சாராயம் வடிப்பது இன்றுபோலவே கடும் குற்றமாக இருக்கட்டும்.

இதைப் படித்ததும் உங்கள் மனத்தில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நம் மொழியில் பாலையும் காய்ச்சுகிறோம், கஞ்சியையும் காய்ச்சுகிறோம், சாராயத்தையும் காய்ச்சுகிறோம். ‘வீட்டில் பீர் காய்ச்சுவேன்’ என்று நான் சொன்னால், கேட்பவர் கண்முன் ஓடைக்கரையில் புதைத்து வைத்த ஊறல் பேரல்தான் வந்து நிற்கிறது. சாராயம் காய்ச்சுகிறவர் ஊறலைப் புளிக்கவைத்த பிறகு அடுப்பில் ஏற்றுகிறார். எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிறார். பீரில் வரிசை தலைகீழ். தானியத்தின் இனிப்பு நீரை முதலில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவைத்து, அதன் பிறகே ஈஸ்ட் போடுகிறோம். ஈஸ்ட் விழுந்த பிறகு அது அடுப்புப் பக்கமே போவதில்லை. ஐந்து சதவீதம் ஆல்கஹாலோடு அப்படியே நின்றுவிடும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை இந்த மாநிலத்தில் யாரும் மறக்க முடியாது. 60க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம். அந்தத் துயரங்களுக்குப் பிறகு ‘வீட்டில்’, ‘மது’ என்ற இரண்டு சொற்களை ஒரே வரியில் எழுதவே கை தயங்குகிறது. ஆனால் அந்த மக்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளுக்குப் போகவேண்டிய ரசாயனத்தைப் பணத்தாசை பிடித்தவர்கள் சாராயத்தில் கலந்தார்கள். நொதிக்கும்போது மெத்தனால் உருவாக வேண்டுமானால் பழத்தோலில் இருக்கும் பெக்டின் போன்ற பொருள் வேண்டும். பீருக்கு அடிப்படையான பார்லி மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், அது மிகமிகக் குறைவு. பார்லியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் சேர்ந்த பீர் கெட்டுப்போனால் புளிக்கும், நாறும், கீழே கொட்டவேண்டி வரும். கண் போகாது, உயிர் போகாது. விஷச்சாராயத்தோடு வீட்டுப் பீரை ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்கிறேன்.

என் அம்மா ஒருமுறை போர்ட்லண்டுக்கு வந்திருந்தார். அவருடைய அண்ணன், என் பெரிய மாமா, குடியால் நாற்பது வயதில் போனவர். அதனால் ‘பீர்’ என்ற சொல்லே அம்மாவுக்குப் பகை. ஒரு சனிக்கிழமை காலை நண்பர் வீட்டு கராஜில் நாங்கள் மால்ட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது வாசல்வரை வந்து நின்றார். உடைத்த பார்லி மால்ட் ஐந்து கிலோவை வெந்நீரில் கொட்டி, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் மூடிவைப்போம். அந்தச் சூட்டில், முளைவிட்ட தானியத்துக்குள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். கராஜ் முழுக்க மணந்தது. அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, “என்ன கண்ணு, முளகட்டின ராயிக்கஞ்சி மாதிரியே மணக்குது?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, பதத்தில் நிறுத்தி உலர்த்துவதைத்தான் மால்ட்டிங் என்கிறார்கள். பேரன் பேத்திகளுக்கெல்லாம் கேழ்வரகை ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் காயவைத்து, வறுத்துத் திரித்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அம்மா. மால்ட் செய்வதில் அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர்.

அன்று மாலைவரை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பாத்திரம் கழுவுவதைத்தான் அதிகம் பார்த்திருப்பார். பீர் காய்ச்சும் நாள் என்பது ஐந்து, ஆறு மணி நேர வேலை. அதில் பாதி கழுவுவது, கிருமி நீக்குவது. பிறகு இரண்டு வாரம் நொதிக்கவேண்டும். பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடி, இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும், அப்போதுதான் நுரை கட்டும். முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்கிறவனைப் போதைக்காக அலைகிறவன் என்று சொல்ல முடியுமா?

சுவைக்கும் நாள் அதைவிட நிதானமானது. ஆறேழு பேர் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு அரை டம்ளருக்கும் குறைவு. முதலில் மணம், பிறகு நிறம், பிறகுதான் வாய். போட்டிகளில் 50 மதிப்பெண் தாள் ஒன்று வைத்திருப்பார்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். என் முதல் பீருக்கு 19 கிடைத்தது. ஆகஸ்ட் வெயிலில் கராஜிலேயே விட்டிருந்தேன். சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, பெயின்ட் தின்னர் போன்ற ஒரு காட்டமான வாடையை விட்டுப் போயிருந்தது. தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பழைய ஃப்ரிட்ஜில் வைத்து 19 டிகிரியில் நிறுத்துவது எப்படி என்று படம் வரைந்து காட்டினார். வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டுவிட்டாய். பச்சை ஆப்பிள் வாடை வந்தால் பீர் இன்னும் பிஞ்சு. வேகவைத்த சோளத்தின் வாடை வந்தால் கொதி போதவில்லை. இப்படி நாக்கைப் பழக்கியவர்கள் அவர்கள். அந்த 11 ஆண்டுகளில் அந்த வட்டத்தில் ஒருவரும் தள்ளாடி நான் பார்த்ததில்லை. வண்டி ஓட்டவேண்டியவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே ஊற்றுவார், யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் அறுவடை. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ அது. வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கயிறு பற்றி மூன்று ஆள் உயரத்துக்கு ஏறி நிற்கும் அந்தக் கொடிகளின் நடுவே போனால் ஊர் நினைப்பு வந்துவிடும். பூவை உள்ளங்கையில் கசக்கினால் மஞ்சள் பொடி ஒட்டும், நாரத்தைத் தோல் வாசம் அடிக்கும். கேஸ்கேட் என்ற புகழ்பெற்ற ரகம் அந்த ஒரிகன் மண்ணில் உருவாகி 1972இல் வெளிவந்தது. பறித்த அன்றே பச்சையாகப் போட்டுக் காய்ச்சுவதற்காக ஆண்டுதோறும் விடுப்பு எடுப்பேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்று வருகிறது. இல்லத்தில் அட்ட, அதாவது வீட்டிலேயே சமைத்த, நெல்லின் மது. அதே பாட்டு வேறோர் இடத்தில் செய்முறையையே சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைவிட்ட தானியத்தை வெந்த மாவுச்சத்தோடு கலப்பதுதான் எங்கள் கராஜில் 67 டிகிரியில் நடந்ததும். முதன்முறை அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சட்டத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு போனபோது வீட்டு ஒயினுக்கு வழி கிடைத்தது, வீட்டுப் பீருக்குக் கிடைக்கவில்லை. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் அது சரியானது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், ஏறக்குறைய 757 லிட்டர். நான் கேட்பது 240. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவின் சிகோ என்ற சிறு ஊரில் வீட்டுக் காய்ச்சலுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன் தொடங்கியதுதான் இன்று உலகம் அறிந்த சியரா நெவாடா பீர் நிறுவனம். அந்த நாட்டில் அப்போது நூற்றுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள் இன்று 9,000க்கும் மேல். கராஜில் கற்றவர்களே அவற்றில் பலவற்றைத் தொடங்கினார்கள். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும், ஒழுங்குக்குப் பேர்போன சிங்கப்பூரில்கூட ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்வரை அனுமதி உண்டு. நம் நாட்டிலேயே பல மாநிலங்கள், பழங்குடி மக்கள் தங்கள் தேவைக்கு வீட்டில் அரிசி மது செய்துகொள்ள விலக்கு அளித்திருக்கின்றன. பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள சிறு பீர் ஆலைகளில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறேன். கைத்திறனுக்குச் சொந்த ஊரில் இடமில்லை என்று சொன்னார்கள்.

குடியால் சிதைந்த வீடு எப்படி இருக்கும் என்பதை மாமா வீட்டில் பார்த்தவன் நான். அந்த வீட்டுப் பெண்கள் இந்த மடலைப் படித்தால் கோபப்படக்கூடும். அந்தக் கோபத்துக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். பீர் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாமா குடித்தது மலிவானது, வேகமானது, தனியாக நின்று ஒரே மூச்சில் விழுங்கியது. அவருக்கு அது எதில் செய்ததென்றும் தெரியாது, யார் செய்ததென்றும் தெரியாது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். பனையேறியிடமும் இல்லாத, வீட்டிலும் இல்லாத மது, கவுண்டரில் மட்டும் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு குடியைக் குறைத்ததா என்பதைத் துறையே சொல்லட்டும்.

உங்கள் தயக்கங்களுக்கு இடம் வைத்தே ஒரு முறையை எழுதிப் பார்த்திருக்கிறேன். அனுமதி கேட்பவர் வட்ட அலுவலகத்தில் ஆதாருடன் பதிவு செய்யட்டும். ஆண்டுக் கட்டணம் வையுங்கள். சாராயம் வடிக்கும் குழாய் ஒன்று வீட்டில் இருந்தாலே அனுமதி போகட்டும். ஒரு பாட்டில் விற்றாலும் வழக்குப் போடுங்கள். ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கட்டும். முதலில் கோவை, சென்னை, மதுரை மூன்று மாவட்டங்களில் இரண்டே ஆண்டுக்கு நடத்திப் பாருங்கள். கெடுதல் கண்டால் நிறுத்திவிடுங்கள்.

இத்தனை ஆண்டுகளாக ஒரு கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறேன். 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் பொன்னிறப் பீர் பிறந்ததற்கு அந்த ஊரின் மென்மையான தண்ணீர் ஒரு பெரிய காரணம். உப்புத் தண்ணீரில் அந்த நளினம் வராது. நான் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அதில் அந்தப் பொன்னிறப் பீரை, பில்சனரை, காய்ச்சினால் எப்படி இருக்கும்? அதில் கால் பங்கு முளைகட்டிய கேழ்வரகு சேர்த்தால்? கேழ்வரகு மால்ட்டில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி நிறையவே உண்டு. கணக்கு ஒத்துவரும் என்றுதான் நினைக்கிறேன். காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அடுப்பில் ஏற்ற முடியவில்லை.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. முளை எந்த நீளம் வந்ததும் துணியைப் பிரிக்கவேண்டும் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். போன வாரம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கவருமெண்டு சரின்னா சொல்லு, ராயி நானே முளகட்டித் தரேன். ஆனா வித்தீனா நானே போலீசுக்குச் சொல்லிப்போடுவேன்” என்றார்.

பதிலை எதிர்பார்த்து,

பம்பு தொழிலில் இருக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்