போன் போனால் சிம்மை மறக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

போன மாதம் தாம்பரம் போகும் பேருந்தில் போனைப் பறிகொடுத்தேன். வாங்கிய விலையைச் சொல்லிப் புலம்பியே அரை நாள் போய்விட்டது, அதற்குள் எவனோ என் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, வந்த ஓடிபியை வைத்து வாலட்டில் கிடந்த 1,400 ரூபாயைத் துடைத்துவிட்டான். போனுக்கு லாக் போட்ட எனக்கு, சிம்முக்கும் பின் நம்பர் வைக்கலாம் என்பது அப்போதுதான் தெரியும்!

முதல் வேலை சிம்மை முடக்குவது, அப்புறம் வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துவது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். போலீஸ் புகார் நகலும், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். அந்த எண்ணுக்காகப் பரண் ஏறி, தூசி படிந்த அட்டைப்பெட்டியைத் தேட வேண்டியதாயிற்று. *#06# அழுத்தினால் திரையிலேயே வரும், இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

- ஒரு வாசகர், குரோம்பேட்டை