தம்பி, கேட் வாசலோடு நின்றுவிடாதே

அன்புள்ள தம்பி,

மருத்துவம் படிக்க நீ பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குப் போகிறாய் என்று சித்தி போனில் சொன்னார்கள். விசா, விடுதி, கட்டணம் பற்றிச் சொல்ல உனக்கு நிறைய பேர் இருப்பார்கள். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் மனதாரப் பிடித்துப்போன ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். மே மாதம் வந்தால் புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஏதாவது ஒரு ஊர் பியெஸ்டாவுக்குப் போய் வா.

அங்கே ஒவ்வொரு ஊருக்கும், ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு பரங்காய்க்கும், அதாவது ஊரின் சிறு பிரிவுக்கும், பாதுகாவலராக ஒரு புனிதர் உண்டு. அவருடைய திருநாள்தான் பியெஸ்டா. ஸ்பானியப் பாதிரிமார் காலத்தில் வேரூன்றியது. உனக்கு நான் சொல்வது மே 15, சான் இசிட்ரோ லப்ரடோர் திருநாள். மாட்ரிட் பக்கம் நிலத்தில் உழைத்துப் பிழைத்த விவசாயி அவர், உழவர்களின் பாதுகாவலர். நீ சின்ன வயதிலிருந்து திருவிழாவுக்குப் போய்வரும் கோட்டாறு சவேரியாருக்கும் இவருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தது ஒரே நாளில்தான், 1622 மார்ச் 12. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இசிட்ரோ மேல் தனிப் பிரியம்.

முதலில் லுக்பான் போ. மணிலாவிலிருந்து லுசேனாவுக்கு பஸ், அங்கிருந்து ஜீப்னி, நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் ஏற்றிப் போகும் நீளமான ஜீப். பனாஹாவ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். அன்றைக்கு அங்கே நடப்பதன் பெயர் பஹியாஸ். ஊர்வலத்தில் இசிட்ரோவின் சுரூபம், அதாவது சிலை, வரும் தெருவில் இருக்கும் வீடுகளின் முகப்பு முழுக்க நெற்கதிர், பயத்தங்காய், முள்ளங்கி, தேங்காய், ஓலைத் தொப்பி, பூண்டு வாசனை தூக்கும் லொங்கனிசா என்கிற இறைச்சித் தொத்துச் சரம் என்று கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஊர்வலப் பாதை வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் எல்லாத் தெருவுக்கும் ஒரு முறை வரும். முன்பெல்லாம் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வந்தார்களாம். கோயிலில் இடம் போதாமல் போனதும் அவரவர் வாசலிலேயே வைத்தார்கள், பாதிரியார் தெருவுக்கு வந்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

முந்தைய நாளே போய்விட்டால், அலங்காரத்துக்குச் செய்யும் கிப்பிங் தயாராகிக் கிடப்பதைப் பார்க்கலாம். நம் அரிசி வடாம் மாதிரிதான். அரிசி மாவைக் கரைத்து உப்பும் சாயமும் சேர்த்து, கபால் என்கிற மரத்தின் அகன்ற இலைமேல் மெல்லிசாகத் தடவி ஆவியில் வைக்கிறார்கள். வெந்ததும் எடுத்துத் தொங்கவிட்டு ஆறவைத்து, பிறகு இலையை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். எனக்கு ஒரு பாட்டி காட்டினார். இலை தனியே வந்துவிட்டது. நடு நரம்பு, கிளை நரம்பு எல்லாம் அச்சு அசலாக மாவிலேயே நின்றன. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் சிவப்புக் கண்ணாடியில் செய்த இலை போல இருந்தது. இப்படி நூற்றுக்கணக்கில் செய்து, அடுக்கடுக்காகக் கோத்து, சரவிளக்காக ஜன்னலில் தொங்கவிடுகிறார்கள். அரங்யா என்று பெயர். மே மாதத்தில் சாயங்கால மழை வந்தால் அத்தனையும் ஊறிப்போகும். தெரிந்தும் செய்கிறார்கள்.

பக்கத்து ஊர்களிலும் அதே நாள்தான். தயபாஸில் சுமன் வீசுவார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்து இலையில் சுற்றிய ஒட்டரிசி அது. சரியாயாவில், சுரூபம் தாண்டிப் போனதும் மூங்கிலில் கட்டியதை எல்லாம் ஜனங்கள் பாய்ந்து பறித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் கண்ணுக்கு. நான் உன்னைப் போகச் சொல்வது இதற்காக மட்டுமில்லை. லுக்பானில் கூட்டம் ஜாஸ்தி, எல்லோர் கையிலும் போன். மத்தியானத்துக்கு மேல் ஒரு சின்ன பரங்காய்க்குப் போ. உன் கூடப் படிக்கும் யாருக்காவது அந்தப் பக்கம் சொந்த ஊர் இருக்கும், கேட்டுப் பார்.

தெருவுக்குக் குறுக்கே தோரணம், அதிகாலையிலேயே பேண்டு வாத்தியம், பின்கட்டில் கரி நெருப்பின் மேல் ஆண்கள் முறை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும் பன்றி. வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். நிஜமாகவே, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். என்னை அழைத்துப் போன தோழியின் அத்தை வீட்டை அடைவதற்குள், அவளுக்கே சரியாகத் தெரியாத வீடுகளிலிருந்து "காயின் தாயோ", வாங்க சாப்பிடலாம் என்று குரல் வந்தது. ஒரு வீட்டில் வாசலிலேயே தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் கேட்டார்கள்.

"தெரியாத வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவது?" என்று சித்தி கேட்டார்கள். அவர்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு நாளில் சாப்பிடாமல் போகும் விருந்தாளிதான் அந்த வீட்டுக்குக் குறை. மாதக் கணக்கில் வளர்த்த பன்றியை இதற்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் மகளோ மகனோ இதற்கென்று பணம் அனுப்பியிருக்கலாம். சில வீடுகள் கடன் வாங்குகின்றன, அதுவும் உண்மை. அந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை, அந்த ஊர்க்காரர்களிலேயே பல பேருக்கு இல்லை. ஆனால் அதற்காக வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவது அவர்களுக்கு எந்த உதவியும் இல்லை. உள்ளே போய் உட்கார். கையில் பழமோ ஒரு கேக்கோ வாங்கிக்கொண்டு போ. பணத்தை மட்டும் நீட்டாதே, சங்கடப்படுவார்கள்.

பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையை எடுத்து உன் நெற்றியில் வைத்துக்கொள். அதற்கு மானோ என்று பெயர். உனக்குப் பன்றி ஆகாது என்று தெரியும். முகத்தைச் சுளிக்காமல் சொன்னால் போதும், கோழியோ மீனோ எடுத்து வைப்பார்கள். கருஞ்சிவப்பாக ஒரு குழம்பு இருந்தால் அது தினுகுவான், பன்றி ரத்தம் சேர்ந்தது. முதல் வீட்டிலேயே வயிற்றை நிரப்பிவிடாதே, அடுத்த வீட்டிலும் தட்டு காத்திருக்கும். கிளம்பும்போது பொட்டலம் கட்டித் தருவார்கள். வாங்கிக்கொள்.

இன்னொன்று. சாயங்காலம் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே கிளாஸில் லம்பனோக் சுற்ற விடுவார்கள். தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சரக்கு, நல்ல காட்டம். 2019 டிசம்பரில் லகுனா, கேசோன் மாகாணங்களில் மெத்தனால் கலந்த லம்பனோக்கைக் குடித்துப் பல பேர் இறந்துபோனார்கள். டாக்டராகப் போகிறவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் பதிலாக விடியோகேயில், திரையில் வரி ஓட இசைக்கு ஏற்பப் பாடும் கருவியில், ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். தமிழ்ப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, பாடிவிடு. நான் பாடியபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலேயே தாளம் போட்டார்கள்.

மே 15-க்கு லுக்பானில் அறை கிடைப்பது கஷ்டம், மார்ச்சிலேயே கேட்டு வை. குடை எடுத்துக்கொள். போய் வந்ததும் எந்த ஊருக்குப் போனாய், யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று எனக்கு விவரமாக எழுது. சித்திக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா