கண்டக்டர் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று முதல் பறிப்பு. 11 கிலோ. தக்காளிதானே என்று தோன்றலாம். ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள் எங்கள் பள்ளி நிழல்வலைக் குடில் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்ல வேண்டாம்.

வளைந்த குழாய்களை நிமிர்த்திப் பற்றவைத்துவிட்டுக் காசு வாங்காமல் போன வெல்டிங் பட்டறைக்காரர், கிழிந்த வலையைத் தையல் மெஷினில் ஒட்டுப்போட்டுத் தந்த அக்கா, சேறு அள்ளிய பெற்றோர், காயின் அடி கறுத்தபோது "பூச்சியும் இல்ல, நோயும் இல்ல சார், ஒருநாள் பாய்ச்சி ரெண்டு நாள் காயப் போடாதீங்க" என்று போனிலேயே பயம் தீர்த்த தோட்டக்கலை அலுவலர், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் எழுத உட்கார்ந்தது ஒரு பஸ் கண்டக்டருக்காக.

டிசம்பர் நடுவில் திண்டிவனத்தில் பி.கே.எம்-1 ரகத் தக்காளி நாற்று வாங்கிக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரும் நானும் டவுன் பஸ் ஏறினோம். இரண்டு குழித்தட்டு, தட்டுக்கு 98 நாற்று. நல்ல கூட்டம். லக்கேஜ் போடுவார், இல்லை இறக்கிவிடுவார் என்று சில்லறையைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் தட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். தன் சீட்டில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "இங்க வைங்க" என்றார். ஒன்றரை மணி நேரமும் நின்றே வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு கையால் தட்டை அணைத்துக்கொண்டு டிரைவரிடம், "மெதுவா போப்பா, கைக்குழந்தைங்க இருக்கு!"

196-இல் செத்தது 7. கணக்கு வாத்தியார், எண்ணாமல் இருக்க முடியுமா?

அப்புறம் பள்ளி வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலில் தலை நீட்டி, "பூ வச்சிருச்சா?" வலைக்குள் தேனீ வராது, காற்றும் குறைவு. பிள்ளைகள்தான் முதல் பீரியட் முடிந்ததும் போய்ப் பூக்காம்பைப் பென்சிலால் தட்டி மகரந்தம் உதிரவைத்தார்கள். "பென்சிலால தட்டுறோம்ணே!" என்று ஒருத்தி கத்த, பஸ்ஸே சிரித்தது.

அடுத்த வருஷம் யார் வண்டி தந்தாலும் நாற்று எடுக்க அந்த பஸ்ஸில்தான் போவோம்.

நேற்றுப் பறித்ததில் பெரும்பங்கு சத்துணவுச் சாம்பாருக்குப் போனது. அவருக்கென்று செங்காயாகப் பார்த்து ஒரு மஞ்சப்பையில் எடுத்துவைத்தோம். இன்று காலை பிள்ளைகள் பையோடு வாசலில் நின்றார்கள். வேறு கண்டக்டர் வந்தார். அண்ணன் லீவாம். பை இப்போது ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருக்கிறது. யாராவது அவரைப் பார்த்தால் சொல்லுங்கள், இன்னும் மூன்று நாள் தாங்கும்.