மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பொது வார்டுகளின் அன்றாடத் துப்புரவில், நன்மை தரும் பாக்டீரியாக்கள் கலந்த கரைசலை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நோயாளியின் கட்டில் கம்பியைக் கவனியுங்கள். காலையில் கிருமிநாசினி தோய்த்த துணியால் அதைத் துடைத்துவிட்டுப் பணியாளர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். ஈரம் காய்ந்ததும் பெரும்பாலான கிருமிநாசினிகளின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு நோயாளி அதைப் பிடித்து எழுகிறார், உடனிருப்பவர் அதில் கை ஊன்றுகிறார், செவிலியர் கையுறையோடு தொடுகிறார். சில மணி நேரத்தில் கிருமிகள் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. உலர்ந்த பரப்பிலும் மாதக்கணக்கில் உயிர் வாழக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (புண்களில் தொற்றை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) போன்றவை அவற்றில் இருக்கலாம்.

பேசில்லஸ் இனத்தின் சில பாக்டீரியாக்களை வித்து நிலையில் (விதைபோல் உறங்கும் நிலையில்) சோப்புக் கரைசலில் கலந்து துடைத்தால், அவை அப்பரப்பிலேயே தங்கி முளைத்து, அங்குள்ள இடத்தையும் உணவையும் தமதாக்கிக்கொண்டு, தீய கிருமிகள் பெருக வழியில்லாமல் செய்கின்றன. அடுத்த முறை துடைக்கும்வரை இந்த வேலை தொடர்கிறது என்பதே இம்முறையின் சிறப்பு என்று கருதுகிறேன்.

இத்தாலியில் ஃபெராரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று பல மருத்துவமனைகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறைக்கு மாறிய பின் மருத்துவமனையில் தொற்றுக்கு உள்ளான நோயாளிகளின் விகிதம் 4.8 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அது மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், குறைவுக்கு இம்முறை மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் 18 வார்டுகளில் சோப்பு, கிருமிநாசினி, பாக்டீரியாக் கரைசல் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தபோது, தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைக் காட்டி இம்முறையை ஒதுக்குவோர், அதே ஆய்வில் கிருமிநாசினியும் வெறும் சோப்பை விஞ்சவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சை அல்லாத வார்டுகளில் தரை முழுவதும் நாள்தோறும் கிருமிநாசினி ஊற்றுவதும், கிருமிநாசினியைத் தாங்கும் கிருமிகள் நிலைத்துவிட இடம் கொடுப்பதும் எந்தப் பயனுக்காக என்ற கேள்விக்கு நம்மில் யாரிடமும் உறுதியான விடை இல்லை.

அறுவை அரங்கிலும், இரத்தம் சிந்திய இடத்திலும், கடுந்தொற்று உள்ளவரின் அறையிலும் கிருமிநாசினியே தொடர வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்கள் இருக்கும் பிரிவுகளையும், பேசில்லஸாலேயே அவர்களுக்குத் தொற்று வரக்கூடும் என்பதால், தொடக்கத்தில் தவிர்ப்பதே முறை.

துப்புரவுப் பணியாளர்களை முதலிலிருந்தே இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கத்தால் ஒருவர் அதே வாளியில் பிளீச்சையும் கலந்துவிட்டால் பாக்டீரியாக்கள் அழிந்து சோதனையே வீணாகிவிடும். இதை அவர்களிடம் காரணத்தோடு விளக்குவது உங்கள் கடமை. பரப்புகளில் எடுக்கும் மாதிரிகளோடு நிறுத்திவிடாமல், நோயாளிகளுக்கு வரும் தொற்றுகளையும் கணக்கெடுத்து, முடிவு எதுவானாலும் அதை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளிகளின் நலம் நாடும் ஒருவர்