அறுகும் ஒபீலியாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வார மாணவர் பகுதியில் ஒபீலியாவைப் 'பார்ப்பதற்குச் செடி போன்ற கடல் விலங்கு' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். ஒபீலியா போன்றவை விலங்குகள்தான் என்று 1755-இல் ஜான் எல்லிஸ் எழுதும்வரை, இயற்கையியல் அறிஞர்கள் பலரே செடி என்று எண்ணியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வாசலில் முளைக்கும் அறுகம்புல்லைப் பிடித்து இழுத்தால் தெரியும். ஓடுதண்டு தரையோடு ஊர்கிறது. கணுவுக்குக் கணு கீழே வேர், மேலே தளிர். துண்டாக்கிப் போட்டாலும் கணு இருந்தால் பிழைத்துக்கொள்ளும். பாறையிலும் கடற்பாசியிலும் ஒபீலியா பரவுவதும் இப்படித்தான்: படுத்து ஊரும் குழாய், அதிலிருந்து நிமிரும் கிளைகள், கிளை நுனிகளில் கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பாலிப்புகள், அதாவது கூட்டத்தின் குட்டி உறுப்பினர்கள்.

ஆனால் 'அறுகுபோல் வேரூன்றி' என்ற வாழ்த்து ஒபீலியாவுக்குப் பொருந்தாது. அதன் வேர் போன்ற பகுதி பற்றிக்கொள்ள மட்டுமே. பாறையிலிருந்து எதையும் உறிஞ்சாது. சாப்பாடு மேலே இருக்கும் வாய்களின் வழியாகத்தான். கொட்டும் செல்களால் நுண்ணுயிர்களைப் பிடித்து ஒரு பாலிப் விழுங்கியது, குழாய்க்குள் இங்குமங்கும் ஓடிக் கூட்டம் முழுவதற்கும் போய்ச் சேரும். உயிருள்ள கிளையை நுண்ணோக்கியில் வைத்தால், துகள்கள் உள்ளே போவதும் வருவதும் கண்ணுக்கே தெரியும். வாயில்லாத பாலிப்புகளும் உண்டு. மற்றவை தின்றதில் வளர்ந்து, மெடுசா எனப்படும், இனம்பெருக்கும் குட்டி ஜெல்லிமீன் வடிவங்களைக் கடலில் விடுவது அவற்றின் வேலை. புல்லில் கதிர் தள்ளும் தண்டு செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு. துறவி நண்டு குடியிருக்கும் சங்கு ஓட்டின்மேல் வளரும் ஹைட்ராக்டினியா ஒபீலியாவுக்கு உறவு. அதில் இரு கூட்டங்கள் முட்டிக்கொண்டால், நெருங்கிய சொந்தம் என்றால் பெரும்பாலும் ஒன்றாக இணைந்துவிடும். அந்நியம் என்றால் ஓடுதண்டுகள் பருத்து, கொட்டும் செல்களை நிரப்பிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். அறுகோ யார் எவர் என்று பாராமல் பின்னிக்கொள்கிறது. அதன் போட்டியெல்லாம் வெயிலுக்கும் தண்ணீருக்கும்தான்.

விலங்கியல் வகுப்பில் ஒபீலியா, தாவரவியல் வகுப்பில் அறுகு என்று தனித்தனியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒப்புமை தெரியாமலே போகிறது. இரண்டின் படங்களையும் அருகருகே போட்டு ஒரு முழுப்பக்கம் வெளியிடுங்கள். ஒபீலியா படத்தில் அந்தப் பொதுக் குழாயைக் கட்டாயம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாகர்கோவில்