அமர்வு முன்மொழிவைக் களப்பணியாளர்களும் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொது சுகாதார அவசரகால ஆயத்தம் குறித்த மாநாடுகளுக்கு அமர்வு முன்மொழிவு (ஓர் அமர்வை நடத்தித் தருவதாக எழுதும் விண்ணப்பம்) கேட்டு அறிவிப்பு வரும்போது, வெள்ளத்திலும் காய்ச்சலிலும் தெருத்தெருவாக வேலை பார்த்த சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் அதைத் தங்களுக்கானதாக நினைப்பதில்லை. மருத்துவர்கள் அஞ்சலட்டையில் நோய்த் தகவல் அனுப்பும் கண்காணிப்பு முறையை வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான் உருவாக்கியது, நம் வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான். அந்த மாவட்ட அளவிலான வேலை 1998-ல் உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழ் வரை போனது. இன்றும் இங்கே சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது. முன்மொழிவு எழுதும் முறை பிடிபடாததுதான் தடை.

தேர்வுக் குழு உன்னிப்பாகப் பார்ப்பது கற்றல் நோக்கங்களை, அதாவது அமர்வுக்கு வருபவர்கள் எதைக் கற்றுக்கொண்டு போவார்கள் என்பதை. "வெள்ளத்துக்குப் பின் குடிநீர்ப் பாதுகாப்பைப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் மதிப்பெண் குறையும். புரிந்ததா என்று அளக்க வழியில்லை. "30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்குத் தேவையான பிளீச்சிங் பவுடரைக் கணக்கிடுவார்கள்" என்று எழுதினால் அளக்கலாம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் 120 கிராம் என்பது டேங்க் ஆபரேட்டர்களுக்கே மனப்பாடம். ஆனால் அது 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடருக்கான கணக்கு. வாய் திறந்த மூட்டை வேலூர் வெயிலிலும் மழை ஈரத்திலும் வீரியம் இழந்துவிடும். பிறகு 120 கிராமைக் கரைத்து ஊற்றினாலும் கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீர் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் மஞ்சளாக மாறாது. அங்கே குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் நிற்க வேண்டும். மூட்டையை எங்கே வைப்பது, எந்தக் குழாயில் சோதிப்பது, நிறம் வராவிட்டால் அடுத்து என்ன செய்வது? 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் பெருக்கெடுத்த மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு மணி நேர அமர்வுக்கு இந்த ஒரு பொருளே தாராளம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு பேச்சாளர்களை அடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அறிமுகம் 5 நிமிடம், இரண்டு பேச்சாளர்களுக்குத் தலா 15, குழுப் பயிற்சி 15, கேள்வி பதில் 10 என்று பிரித்துக் காட்டுங்கள். பேச்சாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் பெயரைப் போடக் கூடாது.

முன்மொழிவோடு அமர்வின் சுருக்கத்தைப் பெரும்பாலும் 250, 300 சொற்களுக்குள் கேட்பார்கள். "முடிவுகள் மாநாட்டில் தெரிவிக்கப்படும்" என்ற வரி வந்தாலே தள்ளிவிடுவார்கள். என்ன செய்தோம், எதை வைத்து அளந்தோம், எது பலிக்கவில்லை என்பதை எழுத வேண்டும். பலிக்காததை மறைப்பது வீண். கேட்க வருபவர்களுக்கு அதுதான் பெரிதும் உதவும். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடாக இருந்தால் சுருக்கத்தில் நிறுவனப் பெயர் வரக் கூடாது.

ஆய்வாகச் செய்ய நினைத்தால் தகவல் சேகரிக்கும் முன்பே, ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வெளிநாட்டு மாநாடு என்றால் முன்மொழிவு அனுப்பும் கடைசி நேரத்தையும் கவனியுங்கள்: அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 5 மணி என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, அங்கே குளிர்காலம் என்றால் 3.30.

துறை அனுமதிக் கோப்பு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிளம்பி வட்டாரம், மாவட்டம், சென்னை என்று போய் வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிடுகிறது. முன்மொழிவு அனுப்பும் அனுமதியையாவது மாவட்ட அளவிலேயே ஒரு வாரத்துக்குள் தரச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். பயண அனுமதியை அமர்வு தேர்வான பின் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் செவிலியர்களுக்கு வேலூரில் உள்ள மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகள் கைகொடுக்க வேண்டும். அப்படி உதவும்போது, வேலை செய்தவரின் பெயரே முதல் பேச்சாளராக இருக்க வேண்டும்.

– பொது சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள், வேலூர்